பத்ராவுக்குக் கீழே

ராட்டர்டாம்
9 ஜூன் 2024

அன்பு லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். மச்சான் எப்படி இருக்கிறார்?

மூன்று வாரமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பூமாரி அக்காவைக் கூப்பிட்டேன். "அவ போனைப் பீரோவுல வெச்சிப் பூட்டிட்டா. ஆளாளுக்குக் கூப்புட்டு என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டா அவ என்னத்தச் சொல்லுவா? நீ ஒரு காயிதம் போடு" என்றார். எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று. தப்பு இருந்தால் சிரிக்காதே. நாம் இருவரும் ஒரே முனிசிபல் தமிழ்ப் பள்ளியில்தான் படித்தோம் என்றாலும் உன் கையெழுத்துக்குத்தான் பரிசு கிடைத்தது.

எட்டு மாதம் சுமந்த பிள்ளை இறந்தே பிறந்தது என்று மச்சான் ஒரு வரி அனுப்பியிருந்தார். பெண் பிள்ளை என்று பூமாரி அக்காதான் சொன்னார். அந்த இரண்டு செய்தியையும் வைத்துக்கொண்டு இந்த ஊரில் நான் என்ன செய்வேன்? அழுதேன். அழுது முடித்தபின் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

இங்கே என் கலை வேலைக்கு ஒரு பெரிய கூடம் கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர் வரை தங்கி வேலை செய்யலாம். இந்த ஊர் கடல் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதாம். சுற்றிலும் மண்மேடு எழுப்பித் தண்ணீரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கடல் உயர்ந்தால் என்ன செய்வது என்று சாயங்காலம் காபிக் கடையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுகிறார்கள். எனக்கோ நம் வீட்டு பத்ராதான் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் வெயிலில் அந்தத் தகரக் கூரைக்கு நேர் கீழே நீ படுத்திருந்தது.

அப்போது நீ அனுப்பிய குரல் செய்திகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நீ பேசும்போது பின்னால் தகரம் சூட்டில் விரிந்து சடசடக்கிறது. உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.

இரண்டு வரியாவது எழுது. துஆ செய்கிறேன்.

உன் ஜுவைரியா

—

தாராவி
2 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ் காப்பாற்றுகிறான், நடமாடுகிறேன். அந்தக் குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் அலைகிறாயா? உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

மழை வந்துவிட்டது. ஒரு மாதம் முன்னால் வந்திருக்கலாம். இப்போது மூலையில் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் கார்கானா ஓடுகிறது. தோல்பை தைக்கும் மெஷின்கள் காலையிலிருந்து இரைகின்றன. அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது.

சூட்டினாலா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருக்கலாம், அது மட்டும்தான் என்று எழுதித் தர முடியாது என்றாள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பப்பாளி சாப்பிட்டாயா, மாடிப்படி ஏறினாயா, யார் கண் பட்டது. சரி சரி என்று டீ போட்டுக் கொடுக்கிறேன்.

உன் மச்சான்தான் பிள்ளையைக் கையில் ஏந்தி மையவாடிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து கால் கழுவிவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் பேசவில்லை. போன வாரம் மழைக்கு நடுவில் ஏணி போட்டு ஏறி பத்ராவுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார். அடித்தால் சூடு உள்ளே இறங்காதாம். மழையில் பாதி கரைந்து ஓடிவிட்டது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம். அந்தக் குரல் செய்திகளை அழித்துவிடு. வெயிலில் மண்டை காய்ந்து என்னென்னவோ பேசினேன். அவரைப் பற்றிப் பேசியதும் அதில் இருக்கிறது. உன்னிடம் சொன்னது உன்னோடு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் லாத்தா
சாயிரா

—

ராட்டர்டாம்
30 ஜூலை 2024

அன்பு லாத்தா,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நடமாடுகிறாய் என்பதே போதும். எனக்குச் சளி இல்லை, பொய் சொல்லவில்லை.

வேலை வேகமாக நடக்கிறது. ஒரு அறை கட்டுகிறேன். முழுக்கத் தகரம். உள்ளே விளக்குகளை வைத்துச் சூடேற்றுகிறேன். தகரச் சுவரில் ஊசியால் துளை போட்டுச் சிவப்பு நூலில் தையல் போடுகிறேன், உம்மா தலையணை உறையில் போடுவாளே அந்தச் சங்கிலித் தையல். ஒரு சுவரில் தாராவிக் கூரைகளின் வீடியோ ஓடும். தையலா, சிற்பமா, சினிமாவா என்று இங்கேயும் கேட்கிறார்கள். எல்லாம்தான் என்கிறேன்.

பூமி சூடாகிறது என்று எல்லோரும் எண்களில் பேசுகிறார்கள். எண் யாரையும் தொடுவதில்லை. ஒரு வீட்டுக்குள், ஒரு உடம்புக்குள் அந்தச் சூடு என்ன செய்கிறது என்று காட்டினால்தான் உறைக்கும். போன வெள்ளிக்கிழமை சிலரை உள்ளே அனுப்பிப் பார்த்தோம். ஒரு வயதான வெள்ளைக்காரர் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். தன் மகளைப் பற்றி என்னிடம் பேசினார். லாத்தா, என் வேலையைப் பார்த்து ஒருவர் அழுவது இதுதான் முதல்முறை.

டிசம்பரில் இதை பம்பாய்க்குக் கொண்டுவர மாட்டுங்காவில் ஒரு கேலரி கேட்டிருக்கிறது. ரஞ்சனா என்று ஒரு மேடம் நடத்துகிறார், நம் தமிழ்க்காரர்தான், கிங்ஸ் சர்க்கிள் பக்கம். நம் வீட்டின் உள்பக்கம், கட்டிலிலிருந்து மேலே பார்த்தால் தெரிகிற கூரை, அதை பூமாரி அக்கா போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாயா?

மச்சானுக்கு என் ஸலாம் சொல்லு.

உன் ஜுவைரியா

—

தாராவி
24 ஆகஸ்ட் 2024

தங்கச்சிக்கு,

ஸலாம். சுகம். நீயும் சுகமென்று தெரிகிறது.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரு வரிக்குப் பதில் இல்லை. அழித்தாயா?

போட்டோ எடுக்கவில்லை. கட்டிலிலிருந்து மேலே பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன், ஒருக்களித்துத்தான் படுக்கிறேன்.

அந்த வெள்ளைக்காரர் எதைக் கேட்டு அழுதார்?

சாயிரா

—

ராட்டர்டாம்
19 செப்டம்பர் 2024

அன்பு லாத்தா,

ஸலாம். கோபப்படாதே. கோபம் உன் உடம்புக்கு ஆகாது, பிரஷர் பார்க்கிறாயா?

என் போனில் இப்போது உன் குரல் ஒன்றும் இல்லை. எல்லாம் அழித்துவிட்டேன், நிம்மதியாக இரு. அந்த அறையில் சூடும் சத்தமும்தான். மனிதர்கள் சூட்டில் உட்கார்ந்தால் தங்கள் துக்கத்தைத் தாங்களே நினைத்துக்கொள்கிறார்கள்.

நவம்பரில் வந்துவிடுவேன். செம்பூரில் என் பழைய அறையை வீட்டுக்காரர் வேறு யாருக்கோ விட்டுவிட்டார். அதே தெருவில் இன்னொன்று பார்த்துத் தருகிறேன் என்று ரஞ்சனா மேடம் சொல்லியிருக்கிறார்.

என்ன வாங்கிவரட்டும்? மச்சானுக்கு நல்ல தோல் கத்தரி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

உன் ஜுவைரியா

—

தாராவி
15 அக்டோபர் 2024

என் கண்ணு ஜுவைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மச்சானும் நல்ல சுகம். நீயும் அப்படியே இருக்க துஆ.

போன கடிதத்தில் வெடுக்கென்று எழுதிவிட்டேன். நீ அழித்துவிட்டேன் என்றதும் மனசில் ஒரு பாரம் இறங்கியது. உன்னை விட்டால் சண்டை போட எனக்கு யார் இருக்கிறார்கள், வாப்பாவும் உம்மாவும் போனபிறகு?

இங்கே கொஞ்சம் வெளிச்சம். பகலில் கார்கானாவுக்கு இறங்கி, தைத்து முடித்த பைகளைப் பார்த்து அடுக்குகிறேன். ஒருநாள் நூல் அறுக்கும்போது தானாகக் கண்ணீர் வந்தது. உன் மச்சான் பார்த்துவிட்டு மெஷின்களை நிறுத்தச் சொன்னார். ஆட்களை டீ குடிக்க அனுப்பினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கையில எடுத்தப்போ கதகதன்னு இருந்துச்சு, சாயிரா" என்றார். "உசுரு இருக்குன்னே நெனச்சேன்."

ஐந்து மாதத்தில் அதுதான் முதல் பேச்சு. நானும் அழுதேன், அவரும் அழுதார். ஆட்கள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பேசுகிறோம். அடுத்த வெயிலுக்குள் செம்பூரில் சிமென்ட் கூரை போட்ட வீடு ஒன்று வாடகைக்குப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். அவர் காலையில் பஸ்ஸில் கார்கானாவுக்கு வந்துபோவாராம். டாக்டரம்மாவிடமும் இரண்டு பேருமாகப் போய்வந்தோம். மேலே உனக்குப் புரியும்.

"கொழுந்தியா எப்ப வாரா? அவ கட்டுன வீட்டைப் போய்ப் பாக்கணும்லா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீ பெயர் வாங்குவது அவருக்குப் பெருமை. கத்தரி வாங்கிவா, சந்தோஷப்படுவார்.

வந்ததும் நேரே இங்கே வா. ஆப்பமும் கறியும் ஆக்கி வைக்கிறேன்.

உன் லாத்தா
சாயிரா

—

செம்பூர்
25 நவம்பர் 2024

அன்பு லாத்தா,

ஸலாம். சுகம்தானே? வந்து பத்து நாள் ஆகிறது, இன்னும் உன்னைப் பார்க்க வரவில்லை, திட்டாதே. துறைமுகத்தில் பெட்டிகள் மாட்டிக்கொண்டன. தகரம் பொருத்துகிற ஆட்கள் நாளைக்கு நாளைக்கு என்கிறார்கள். தூங்கவே நேரமில்லை. பூமாரி அக்கா மகனிடம் மச்சானுக்கான கத்தரியைக் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதத்தையும்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை திறக்கிறார்கள். நீங்கள் இருவரும் அன்றைக்கு வரவேண்டாம். ஒரே கூட்டமாக இருக்கும். எல்லாம் இங்கிலீஷில் பேசுவார்கள், உங்களுக்கு அலுப்பாக இருக்கும். உள்ளே பயங்கரச் சூடு வேறு, உன் உடம்புக்கு ஏற்காது. கூட்டமெல்லாம் முடிந்தபிறகு நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

உன் கடிதத்தில் அந்தக் கதகதப்பு பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்து உடைந்துபோனேன்.

விரைவில் வருகிறேன்.

ஜுவைரியா

—

தாராவி
16 டிசம்பர் 2024

ஜுவைரியாவுக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக்கூடாது என்று உம்மா சொல்லுவாள். ஸலாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்தோம். நீ அங்கே இல்லை. பூனாவில் பேசப் போயிருக்கிறாய் என்றார்கள். நீ இல்லாமல் நடந்ததை உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை.

மச்சானின் தம்பி வாசிம் குர்லாவில் பைக்கடை வைத்திருக்கிறான் அல்லவா, அவன் பேப்பரில் உன் போட்டோவைப் பார்த்துவிட்டு எடுத்துவந்தான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பேப்பர்ல போட்டுருக்கான், நாம போகலன்னா நல்லாவா இருக்கும்?" என்றார். அவள் வரவேண்டாம் என்றாளே என்றேன். "அது கூட்டத்தன்னைக்கு. இன்னைக்கு யாரு இருக்கப் போறா? சலோ" என்றார். பெருநாள் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி உனக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கினார்.

வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்குமேல் ஒரு அறிவிப்பு. மராட்டியில், இந்தியில், இங்கிலீஷில். உள்ளே வெப்பம் அதிகம், இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் செல்லவேண்டாம். அவர் இந்தியை எழுத்துக்கூட்டி வாசித்தார். 'கர்ப்பிணி' என்ற இடத்தில் நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். செருப்புக் கழற்ற வேண்டியதில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். அவர் காதில் விழவில்லை.

நான் இரண்டடி பின்னால். உள்ளே இருட்டு, சூடு. பெஞ்சில் நாலைந்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். உன் சிவப்புத் தையலைப் பார்த்தேன், அழகாக இருந்தது. உம்மாவின் தையலேதான். அப்போதுதான் சுவருக்குள்ளிருந்து நான் பேசினேன்.

"ஜுவை, பூட்டிக் கெடக்க உன் செம்பூரு ரூமுக்குப் போறேன்னு இன்னைக்கும் கேட்டேன். ஒரு வாரம் பொறுங்காவ. ஆர்டரு முடியட்டும்ங்காவ. இந்தத் தகரத்துக்குக் கீழ நானும் எம் புள்ளையும் வேகுதோம். அவுகளுக்குப் பைதான் பெருசு. இந்த மனுசன் மௌத்தாப் போனாக்கூட எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு வராது, பாத்துக்க."

சுவரில் இங்கிலீஷில் அது வரிவரியாக ஓடியது. அவருக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

அசையாமல் முழுக்கக் கேட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. முடிந்து, தகரம் சடசடத்து, மறுபடி முதலிலிருந்து "ஜுவை" என்று தொடங்கியதும் வெளியே வந்தார்.

வெளியே அந்த ரஞ்சனா மேடம். நான் வாசலில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டது அவள் காதுக்குப் போயிருக்கிறது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் அந்த வாய்ஸா? ஜுவைரியா அக்காவா? என்ன தைரியம் உங்களுக்கு! ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் நான் அழுதுடறேன், தெரியுமா?" என்றாள். பிறகு பக்கத்தில் பார்த்தாள். "இவர்..?"

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோர்ட்டில் கூண்டில் நிற்கிற ஆளை ஜனங்கள் பார்ப்பார்களே, அப்படி. அவர் பெருநாள் சட்டையில் வேர்த்து ஊற்ற, வெறுங்காலோடு, மைசூர்பாகுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெட்டியை வாட்ச்மேன் ஸ்டூலில் வைத்தார். "வா, போவோம்" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தோம். சயான் தாண்டியபிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அவ ரூமுக்கு அனுப்பமாட்டேன்னா சொன்னேன்? தனியா எப்படி இருப்ப, ஆர்டர் முடிஞ்சா நானும் வந்து கெடப்பேன்னுதான சொன்னேன்" என்றார்.

"ஆமா" என்றேன்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா, சாயிரா. மூஞ்சிக்கு நேரா. ஊருக்குச் சொல்லிருக்க."

"ஊருக்குச் சொல்லல. அவளுக்குத்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் போல" என்றார்.

போனில் இல்லை என்று எழுதினாயே. போனில் இல்லைதான். நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

அதை நிறுத்து.

சாயிரா

—

செம்பூர்
21 டிசம்பர் 2024

லாத்தா,

ஸலாம். நீ சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பாய். கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். மேலிருந்து நீ என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். பூமாரி அக்காதான் "அவ இப்பப் பேசமாட்டா, நீ போளா" என்றார். ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். பரவாயில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன், உன்னிடம் பொய் சொன்னதற்கு. ஆனால் அந்த அறையைக் கட்டியதற்கு என்னால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. கேட்டால் அதுவும் பொய்.

நீ சொன்னது உன் வீட்டு விஷயம் மட்டுமில்லை. மாட்டுங்காவில், தாதரில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து முதல்முறையாகத் தெரிந்துகொள்கிறார்கள், இந்த நகரத்தில் பாதிப் பேர் எதற்குக் கீழே படுக்கிறார்கள் என்று. ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து மாணவர்களை அழைத்துவந்தார்கள். கர்ப்பிணிகளையும் வெயிலையும் பற்றி அவர்கள் பாடத்தில் இரண்டு வரிதான் இருக்கிறதாம். உன் குரலைக் கேட்டபிறகு தாராவிக்குப் போய்க் கணக்கெடுக்கப் போகிறார்கள். அடுத்த பிள்ளையாவது பிழைக்கும் இல்லையா?

இன்னொன்று. நீ அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாய். தினமும். நான் அவ்வளவு தொலைவில், ஒரு குளிர் அறையில், ஒன்றும் செய்ய முடியாமல் அதைக் கேட்டேன். நீ என்னிடம் கொட்டியதை நான் எங்கே போய்க் கொட்டுவது? எனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் கொட்டினேன். அந்தப் பிள்ளை எனக்கும்தான் மகள்.

ஜனவரி முடியும்வரை ஒப்பந்தம். ரஞ்சனா மேடத்திடம் பேசுகிறேன்.

ஜுவைரியா

—

தாராவி
8 ஜனவரி 2025

ஜுவைரியாவுக்கு,

ஸலாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மச்சான் குர்லாவில் வாசிம் வீட்டில் தங்குகிறார். காலையில் வந்து கார்கானாவைத் திறக்கிறார், ராத்திரி பூட்டிவிட்டுப் போகிறார். நான் கீழே இறங்கிப் போனால் எழுந்து எனக்கு ஸ்டூல் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பேசினால் எனக்கு வசதியாக இருக்கும்.

ஒருநாள் கேட்டார். "நெசமாவே அப்படி நெனச்சியா?"

"அன்னைக்கு நெனச்சேன்" என்றேன். "இன்னைக்கு இல்ல."

"சரி" என்றார். "அங்க இன்னைக்கும் சொல்லிட்டிருக்கியே."

இதுதான் நீ செய்தது, ஜுவை. கோபத்தில் பேசுகிறவர்கள் பேசிவிட்டு மறுநாள் மாறிவிடுகிறார்கள். பேசியது காற்றோடு போய்விடுகிறது, அதனால்தான் புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருக்க முடிகிறது. நான் அக்டோபரில் வேறு ஆளாகிவிட்டேன். அவரும் ஆகிவிட்டார். நீ ஒருத்தி மட்டும் என்னை அந்த ஏப்ரலிலேயே பிடித்து வைத்திருக்கிறாய். தினமும் கதவு திறந்ததும் அந்த சாயிரா அவர் செத்தாலும் அழமாட்டேன் என்கிறாள். சாயங்காலம் விளக்கை அணைக்கிறீர்கள். மறுநாள் மறுபடி சொல்கிறாள்.

மாணவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். தெர்மாமீட்டரை பத்ராவில் வைத்து அளந்தார்கள். அதில் ஒரு பெண் என் குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஆண்ட்டி, ஆப் வோஹி ஹோ நா?" என்று கேட்டாள், அந்தக் குரல் நீங்கள்தானே என்று. இல்லை என்றேன். அதிலிருந்து தெருவில் வாயைத் திறக்க யோசனையாக இருக்கிறது. காய்க்காரனிடம் விரலால் காட்டி வாங்குகிறேன்.

அடுத்த பிள்ளை பிழைக்கும் என்று எழுதியிருக்கிறாய். யாருடைய அடுத்த பிள்ளை?

சாயிரா

—

செம்பூர்
30 ஜனவரி 2025

லாத்தா,

ஸலாம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உனக்கு உண்மையை எழுதுகிறேன், இந்த முறை சுற்றிவளைக்காமல்.

ரஞ்சனா மேடத்திடம் சண்டை போட்டேன். உன் குரலை எடுத்துவிட்டு அதே சொற்களை என் குரலில் பதிவு செய்து ஒருநாள் ஓடவிட்டேன். மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஜனங்கள் உள்ளே வந்தார்கள், வேர்வையைத் துடைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள். யாரும் அழவில்லை. ஒரு பையன் வெளியே போகும்போது சிரித்தான். தகரமும் தையலும் விளக்கும் எல்லாம் அப்படியே இருந்தன, லாத்தா. மொத்தமும் நீதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. என் ஏழு மாத வேலையில் என்னுடையது என்று எதுவும் இல்லை.

மறுநாள் காலை உன் குரலைத் திரும்பப் போட்டேன். நானேதான் போட்டேன். மேடம் சொல்லவில்லை.

சுவரிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். 'தாராவிப் பெண் ஒருத்தி' என்று மட்டும் இருக்கும். இங்கே நாளையோடு முடிகிறது. ஆனால் வெளிநாட்டில் ஒரு அருங்காட்சியகம் அந்த அறையை நிரந்தரமாக வைக்கக் கேட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏப்ரலில் கப்பலில் போகிறது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, மச்சானைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே போகப் போவதில்லை. அதனால் இனி ஒரு தொந்தரவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

நீ என்னைப் பார்க்காமல் இருந்தாலும் பரவாயில்லை. எழுதுவதையாவது நிறுத்தாதே. உன் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஜுவைரியா

—

20 மார்ச் 2025

ஜுவைரியாவுக்கு,

ஸலாம். நோன்பு நன்றாகப் போகிறது. நீயும் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். வெயில் இப்போதே ஏறிவிட்டது.

பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்றரை மாதமாகப் பேனாவை எடுக்கவில்லை. இவற்றையும் ஒருநாள் சுவரில் ஒட்டுவாய். மச்சானின் கை, அந்தக் கதகதப்பு, மைசூர்பாகு எல்லாம் ஒட்டுவாய். நான் அழிக்கச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அழித்துவிட்டேன் என்று எழுதுவாய். இது கடைசிக் கடிதம். நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள், அரைகுறையாக வைத்து ஏதாவது செய்யாதே.

மேலே விலாசம் எழுதவில்லை, கவனித்திருப்பாய். தாராவியில் நான் இப்போது இல்லை. போன வாரம் உன் மச்சான் மேலே வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு படியேறி வந்தார். "வெயிலு வந்துட்டு. துணிமணியை எடுத்துக்க" என்றார். வாசிமின் டெம்போவில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றினோம். பூமாரி தெருமுனைவரை கூடவே வந்தாள். சிமென்ட் கூரை போட்ட வீடு. அக்டோபரில் நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்த மாதிரியே, இரண்டு பக்கமும் ஜன்னல், சமையலறையில் காற்று வருகிறது. பேச்சுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்திருந்தார்.

சாமானை எல்லாம் வைத்து முடித்ததும் சாவியைக் கையில் கொடுத்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன். "நோன்பு தொறந்துட்டுப் போலாம். கஞ்சி வைக்கேன்."

"வாசிம் வீட்டுல காத்துருப்பாவ."

"இது ரெண்டு பேருக்குன்னுதான பாத்தது?"

அவர் கதவு நிலையைத் தடவிக்கொண்டிருந்தார். "உன்மேல கோவம் இல்ல, சாயிரா. சொன்னதுல பாதி நெசந்தான. நான் ஒரு வாரம்னு சொன்னேன்லா. ஆனா உங்கூட ஒரு வீட்டுல படுத்தா அந்தச் சத்தம் கேக்குது. நீ சும்மா இருக்கும்போதும் கேக்குது. என்ன செய்யச் சொல்லுத?"

நான் என்ன சொன்னாலும் அது அந்தக் குரலில்தானே வரும்.

படி இறங்கும்போது திரும்பி நின்று பிள்ளையின் பெயரைச் சொன்னார். பெயரைச் சொல்லி, "அவளுக்கு இந்தக் காத்து நல்லாருந்துருக்கும்" என்றார். போய்விட்டார். மாதம் முதல் தேதி வந்து வாடகை கட்டுவேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாராம்.

ஆமாம், அவளுக்குப் பெயர் இருந்தது. மையவாடிக்குக் கொண்டுபோகும் முன் அவரும் நானும் வைத்தோம். அவள் காதில் அவர் சொன்னார், பிறகு நான் சொன்னேன். உன்னிடம் நான் பேசிய எதிலும் அது இல்லை. எழுதிய எதிலும் இல்லை. தேடிப் பார். இதிலும் எழுதவில்லை.

சாயிரா